பிள்ளைகளுக்கு வெயில் காட்டிய வரலாறு

மன்னார்த் தீவில் வெயிலைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான். எங்களுக்கு முன்னரும் இங்கே வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது என்று சிலர் சொல்லுவார்கள். அடித்திருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு படிவம் இருந்ததா? குழு இருந்ததா? செயலாளர் இருந்தாரா? அந்தச் செயலாளர் அடியேன், பெனடிக்ற்.

போன ஓகஸ்ட் விடுமுறைக்கு முந்தின கிழமை, வெளிநாட்டு நிறுவனமொன்றின் திட்ட உத்தியோகத்தர் றொட்னி ஒரு கோப்போடு எங்கள் கரைக்கு வந்தார். "பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கான கோடைகாலச் செயற்பாடுகள்" என்று அதில் எழுதியிருந்தது. நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளைப் பெற்றாரோடு வெயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் கொண்டுவருவது நோக்கம். பனி பெய்கிற ஏதோவொரு நாட்டில் இருந்து யாரோ உருகி எழுதியிருக்கவேண்டும். வாசிக்க எனக்கே கண் கலங்கிவிட்டது. எங்களூரில் பகலில் ஒரு கதவும் சாத்துவதில்லை, பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டே என் மனைவி எடித்துக்குத் தொண்டை கட்டிப்போகும் என்பதெல்லாம் அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

விடுமுறை தொடங்கிய அன்றே என் மகள் டினோஜா என் சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு எட்டு வயது.

"அப்பா, நாளைக்கு விடிய யாகப்பு மாமான்ர வலை இழுக்கப் போவம். நீங்களும் வரோணும். போன வருசமும் வாறன் எண்டுபோட்டு வரேல்ல."

யாகப்பு எடித்தின் தமையன். கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுக்கிற கரைவலையின் சொந்தக்காரர், சம்மாட்டி. அவருடைய வலை கரைக்கு வரும்போது கயிற்றில் கைவைத்த எவருக்கும், ஐந்து வயதுப் பிள்ளையென்றாலும், கறிக்கு ஒரு கை மீன் உண்டு. ஆரும் அழைப்பிதழ் கொடுப்பதில்லை, பெயர் பதிவதில்லை. தாய், தகப்பன், பிள்ளை எல்லாரும் ஒரே கயிற்றில் நின்று இழுப்பார்கள். இவ்வளவு ஒழுங்கீனம் நடந்த கரையில்தான் நாங்கள் துணிந்து இறங்கினோம்.

"கட்டாயம் வாறன் பிள்ளை. இந்தக் கூட்டம் மட்டும் முடியட்டும்," என்றேன்.

கூட்டத்தில் ஒரு சிக்கல். பிள்ளைகள் எவ்வளவு நேரம் வெளியில் நிற்கிறார்கள் என்று வீடு வீடாக விசாரித்துவந்த றொட்னியின் முகம் வாடிப்போயிருந்தது.

"சேர், எங்கட இலக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம். இஞ்ச பிள்ளையள் இப்பவே ஒன்பது மணித்தியாலம் வெளியிலதான் நிக்குதுகள். முன்னேற்றம் காட்ட இடமே இல்லை."

குழுத் தலைவர் அலெக்ஸாண்டர் ஓய்வுபெற்ற அதிபர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றால் ஊருக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். துடைத்தார்.

"பூச்சியத்தில இருந்து ரெண்டுக்கு வந்தால் அது முன்னேற்றம்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப முதல்ல பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விடுமுறையின் முதல் மூன்று கிழமையும் "ஆயத்தக் காலம்". காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை பிள்ளைகள் பொதுமண்டபத்துக்குள். மத்தியானச் சாப்பாடும் ஒரு தொப்பியும் உண்டு என்றதும் பெற்றார் வரிசையில் நின்று கையெழுத்து வைத்தார்கள். தொப்பி வெயிலுக்கு.

மண்டபத்தில் பிள்ளைகள் கடல் வரைந்து நீலம் தீட்டினார்கள். "கடலை அறிவோம்" என்றொரு படமும் காட்டினோம். யன்னலுக்கு வெளியே இருந்த கடலின் வெளிச்சம் வந்து, திரையில் இருந்த கடலை மங்கப்பண்ணியது. யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டவைத்தேன். பிறகு கடல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது தெரியுமா? அந்த யோசனை என்னுடையது என்பதை அடக்கத்தோடு பதிவுசெய்கிறேன்.

ஒரு நாள் யாகப்பு மண்டப வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், பிள்ளையளை விடன். கயித்தில கைவைக்க ஒரு குஞ்சுகுருமான் இல்லை. கரை செத்தவீடு மாதிரிக் கிடக்கு."

"விதிமுறை மச்சான்."

"காத்து வாங்கவும் விதிமுறையோ?"

"காத்து நாலாம் கிழமை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். படிப்பில்லாத மனிதர்.

டினோஜா ஒவ்வொரு நாளும் மண்டபத்துக்குள் போகமுதல், "அப்பா, இண்டைக்குப் பின்னேரம்?" என்று கேட்பாள். பின்னேரங்களில் எனக்குக் கூட்டம். "குடும்பத்தோடு நேரம் செலவிடுதல்" உபகுழு மட்டும் பதினொரு தடவை கூடியது. ஒரு தடவையாவது நான் வீட்டில் நின்றேன் என்று எவரும் என்மேல் குற்றம் சொல்ல ஏலாது.

"இஞ்சருங்கோ," என்றாள் எடித், தேத்தண்ணியை வைத்தபடி. "அவள் உங்களைப் பாத்துப் பாத்துக் கதிரையிலேயே நித்திரையாப் போறாள். ஒரு நாளைக்கெண்டாலும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"கடைசி நாள் பெரிய கயிறிழுப்பு வைக்கிறம் எடித். நானும் அவளும் ஒரே கயித்தில."

அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

நாலாம் கிழமை முழுவதும் மண்டபத்துக்குள்ளேயே ஒத்திகையில் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கும், அதற்கு முதல் வெள்ளிக்கிழமை விழா. ஈரவலை புதுத் தொப்பிகளில் படும் என்பதால், அன்றைக்கு வலை போடவேண்டாம் என்று யாகப்புவுக்குக் கடிதம் கொடுத்தோம். ஆனால் இழுத்தால் ஏதாவது வரவேண்டுமே. "விளைவு கண்ணுக்குத் தெரியவேண்டும்" என்று கோப்பின் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அலெக்ஸாண்டர் சேர் மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கயிற்றின் மற்றத் தலைப்பைப் பிரதம விருந்தினரின் ஜீப்பில் கட்டுவது என்று முடிவாயிற்று.

இறங்குதுறைக்குப் போகும் கொங்கிறீட் பாதையில் முப்பத்தாறு பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டினோஜா தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தாள். வேறு பிள்ளை கைவைக்க வந்தால், "அது அப்பான்ர இடம்" என்று தள்ளிவிட்டாள்.

நான் அங்கே போகத்தான் வெளிக்கிட்டேன். சேர் தோளில் தட்டினார்.

"பெனடிக்ற், விருந்தினரைத் தனிய விடக்கூடாது. நீரும் ஜீப்பில ஏறும்."

ஏறினேன். உள்ளே ஏசி நன்றாக வேலைசெய்தது. முன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். பிள்ளைகள் வெயிலில் மூச்சுப் பிடித்து இழுத்தார்கள். டினோஜா அந்த இடத்தைக் கடைசிவரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஜீப் அசைந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், றொட்னி படம் எடுத்தார். வெளிக்காற்று சரியாக இரண்டு மணித்தியாலம். பூச்சியத்திலிருந்து இரண்டு என்பதை நூற்றுவீதத்தில் எழுதப் பார்த்தோம், கல்குலேட்டர் மறுத்துவிட்டது.

திட்டம் அடுத்த வருடத்துக்கும் நீடிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு "முன்மாதிரித் தந்தை" என்று ஒரு கேடயமும் தந்தார்கள். அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

அறிக்கையோடு இணைக்கப் பிள்ளைகளிடம் கருத்துப் படிவம் வாங்கினோம். முப்பத்தைந்து பேர், சேர் சொல்லிக்கொடுத்தபடி, "மிக நன்று" என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தாறாவது படிவத்தை நான் இணைக்கவில்லை. அது இன்னும் என் சேட்டுப் பொக்கற்றில் கிடக்கிறது. "இந்த விடுமுறையில் உமது குடும்பத்தோடு என்ன செய்தீர்?" என்ற கேள்விக்குக் கீழே, டினோஜா உருண்டை உருண்டையாக எழுதியிருக்கிறாள்:

"நாங்கள் கயிறு இழுத்தோம். மீன் வரவில்லை. அப்பாதான் வந்தார். அவரை என்ன செய்கிறது என்று தெரியாதபடியால் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்."