மோப்பம் அண்ணனும் மூன்று நாள் பீரும்

உடம்பு முழுவதையும் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டவர்கள் சென்னைக்குப் பக்கத்து ஓரகடம் தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கில் உண்டு. மூக்கை மட்டும் வாடகைக்கு விட்டுப் பன்னிரண்டு வருஷமாக மரியாதையாகச் சம்பளம் வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் மோப்பம் அண்ணன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது.

நாங்கள் வேலை பார்த்தது காருக்கு ரப்பர் ஹோஸ் செய்யும் கம்பெனி. அண்ணனுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். மற்றவர்கள் அளவு பார்ப்பார்கள், அழுத்திப் பார்ப்பார்கள். இவர் ஹோஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார்.

"வேகல நைனா. திருப்பி அனுப்பு."

ஆரம்பத்தில் சூப்பர்வைசர்கள் சிரித்தார்களாம். லேபுக்கு அனுப்பிப் பார்த்தால் அந்த பேட்ச் ரப்பர் நிஜமாகவே சூட்டில் சரியாக வேகாமல் வந்திருக்குமாம். அதன்பிறகு அவர் கண்ணை மூடினால் லைனே மூச்சுவிடாமல் நிற்கும்.

அவர் சேரப்பணஞ்சேரிக்காரர். சொந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனாலும் அண்ணி வைக்கிற குழம்பில் வாசனை சரியில்லை என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் லைன் வீட்டுக் கடைசி ரூமுக்கு வந்துவிட்டார். தென்காசியிலிருந்து வந்த நானும் மார்த்தாண்டத்து ஜெபினும் அதற்கு முந்தின ரூமில் இருந்தோம்.

ஒருநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறினோம். பாதி தூரம் போனதும் அண்ணன், "நிறுத்துப்பா, கிளட்ச்சு எரியுது" என்றார். டிரைவர், "இன்னாண்ணா சொல்ற, நேத்துதான் மெக்கானிக்கு பார்த்தான்" என்று தொடர்ந்து ஓட்டினார். அண்ணன் விடாமல் எங்களை இறக்கினார். கூடவே பயந்துபோய் இன்னும் ஐந்து பேர் இறங்கினார்கள். வெயிலில் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தோம். ஒரு கிலோமீட்டர் தாண்டியதும் அதே ஆட்டோ ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெஸ்ஸில் மட்டும் அவர் பேச்சு எடுபடாது. அங்கே எதை மோந்தாலும் "ரப்பர் வாசன வருது" என்பார். மெஸ் அக்கா கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள்.

"நாள் பூரா ரப்பர மோந்துகினு வந்துட்டு என் சாம்பார சொல்றியா? உன் மூக்கக் கழுவு மொதல்ல!"

இப்படிப்பட்டவருக்கு ஒரு ஆசை வந்தது. கடையில் விற்கும் பீரை அவர் மோந்து பார்த்துவிட்டுக் குடிக்காமலே வைத்துவிடுவார். பெங்களூரில் கண்ணெதிரே டேங்க் வைத்து, அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் கடைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசனை என்று யாரோ இன்ஜினியர் அவரிடம் சொல்லிவிட்டார். கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஷட்டவுன் ஐந்து நாள் வந்தது. அண்ணன் புதுச் சட்டை எடுத்தார். எங்களையும் சேர்த்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினார்.

முதல் கடை ஒரு மொட்டை மாடியில் இருந்தது. மரப்பலகையில் ஆறு குட்டி கிளாஸ்களில் ஆறு வகைப் பீர் வந்தது. அண்ணன் முதல் கிளாஸைத் தூக்கினார், கண்ணை மூடினார். நாங்கள் பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்தோம்.

"வாழப்பழம்!" என்றார். வெயிட்டரைக் கூப்பிட்டு, "பிரதர், பனானா?" என்று கேட்டார்.

"எஸ் சார், பனானா நோட்ஸ்" என்று வெயிட்டர் சிரித்தார்.

"நோட்சு இல்லப்பா, பழம்! யாரோ உள்ள பழம் போட்டுட்டாங்க!"

கோதுமை பீரில் அந்த வாசனை ஈஸ்டிலிருந்து தானாகவே வரும் என்று வெயிட்டர் கைஜாடையோடு விளக்கினார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பழமே போடாம பழ வாசனையா! இன்னா வேல பண்ணி வச்சிகீறான் பாரு நைனா!" என்று எழுந்து வெயிட்டரைக் கட்டிப்பிடித்தார்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கிளாஸையும் பத்து நிமிஷம் மோப்பார். ஒரு வாய் குடிப்பார். மீதியை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை, கருகின ரொட்டி, மழை நனைந்த வைக்கோல் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டு நாளில் ஐந்து கடை. அவர் கல்லுப் போல நிதானமாக இருந்தார். ஜெபின் மட்டும் மெட்ரோ தூணுக்கு வணக்கம் சொன்னான்.

மூன்றாம் நாள் மதியம் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் சின்னக் கடை ஒன்றுக்குப் போனோம். கூட்டமே இல்லை. கிளாஸ்கள் வந்தன. அண்ணன் முதல் கிளாஸை மோந்தார். முகம் சுருங்கியது.

"ரப்பர்" என்றார்.

"அண்ணே, லீவுல வந்துமா கம்பெனிய விட மாட்டீங்க?" என்று ஜெபின் தலையில் கை வைத்தான்.

"அது ஒங்க மூக்குல ஒட்டிக் கெடக்குற வாசனண்ணே. மெஸ் அக்கா சொன்னது சரிதான்" என்றேன் நான்.

அண்ணன் எழுந்துபோனார். முகம், கை, மூக்கு எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, ஜெபினின் புதுத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆறு கிளாஸையும் வரிசையாக மோந்தார்.

"ஆறுலயும் ரப்பர் கீது."

வெயிட்டர் உள்ளே ஓடி, பீர் காய்ச்சுபவரை அழைத்து வந்தார். வந்தது ஒரு பெண். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். பெயர் பவித்ரா, ஓசூர்க்காரி, காலில் ரப்பர் கம்பூட்ஸ். அண்ணன் குனிந்து பூட்ஸ் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "இது இல்லம்மா, இது வேற ரப்பரு" என்றார். அவள் கோபப்படுவாள் என்று நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினேன். அவளோ எதிரே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சார், பத்து நாளா எல்லாரும் பாதி கிளாஸ வச்சிட்டுப் போறாங்க. டேங்க்ல புடிச்சுக் குடிச்சா நல்லாத்தான் இருக்கு. கிளாசுக்கு வந்தா கெட்டுப் போகுது. டேப்பக் கழட்டிக் கழுவினேன், கிளாஸ் கழுவுற சோப்ப மாத்தினேன். ஒண்ணும் புரியல. நாளைக்கு ஓனர் என் எடத்துக்கு வேற ஆளக் கூட்டிட்டு வர்றார்."

அண்ணன் சட்டைக் கையை மடித்தார். "டேங்கு எங்க கீது?"

குளிர் அறைக்குள் போனோம். டேங்கிலிருந்து டேப் வரைக்கும் குழாய் ஓடியது. அண்ணன் முழங்கால் போட்டு, நாலு காலில் தவழ்ந்து, குழாயோடு குழாயாக மோந்துகொண்டே போனார். எங்களுக்குப் பல் கிட்டியது. பாதி வழியில், பஞ்சு உறை சுற்றிய ஒரு முழத் துண்டருகே நின்றார். உறையைப் பிரித்தார். உள்ளே கறுப்பு ஹோஸ்.

"இத யாரும்மா போட்டது?"

"லீக் ஆகுதுன்னு சர்வீஸ்காரர் மாத்தினார் சார். ஆனா பீருக்கு ஏத்த ஹோசுன்னு பில்லுல தெளிவா போட்டிருக்கே!"

"பில்லையா மோந்து பார்ப்ப? இது கார் ரேடியேட்டருக்குப் போற ஹோசும்மா. எங்க கம்பெனி மாலும் இல்ல. எங்களுதா இருந்தா நானே ரிஜெக்ட் பண்ணிருப்பேன். சரியா வேகக்கூட இல்ல!"

பவித்ராவிடம் நல்ல ஹோஸ் மிச்சம் இருந்தது. அண்ணன் தன் கையாலேயே வெட்டி மாட்டி கிளாம்பை முறுக்கினார். குழாயை இரண்டு தடவை கழுவிவிட்டு அவள் ஒரு கிளாஸ் பிடித்தாள். அண்ணன் கண்ணை மூடினார். வெயிட்டர், சமையல்காரர், நாங்கள் எல்லோரும் மூச்சை நிறுத்தினோம். அவர் முழுக் கிளாஸையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடும்மா" என்றார்.

அவள் அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. ஜெபினும் சேர்ந்துகொண்டான், அவன் நிச்சயமாக அழுதான்.

மறுநாள் ஓனர் வந்து என்ன சொல்கிறார் என்று பார்க்காமல் அண்ணன் பஸ் ஏற மறுத்துவிட்டார். போனோம். ஓனரும் அவர் கூட்டிவந்த புது ஆளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மூன்றாவது கிளாஸில் இருந்தார்கள். வேலையில் சேர வந்த ஆளே, "இந்தப் பொண்ண விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டாராம். ஓனர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கேயே வந்துவிடுங்கள், மோந்து பார்ப்பது மட்டும்தான் வேலை என்றார். அண்ணன் கூச்சத்தோடு நெளிந்தார்.

"இங்க எல்லாமே நல்ல வாசனையா கீது சார். எனக்கு அங்கதான் வேல."

திரும்பி வந்ததும் குளிர் அறை உபயத்தில் அண்ணனுக்கு ஜலதோஷம். 'மூக்கு வேலை செய்யவில்லை' என்று காரணம் எழுதி மூன்று நாள் லீவு கேட்டார். மேனேஜர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று நாளும் அண்ணன் மெஸ்ஸில், "சாம்பார் சூப்பரா கீது" என்று சாப்பிட்டார். மெஸ் அக்கா பயந்துபோய், "தம்பி, இவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

இப்போது நான் பென்னலூரில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். ஜெபின் வெளிநாடு போய்விட்டான். அண்ணன் அதே லைனில்தான் இருக்கிறார்.

ஓரகடம் வந்த புதிதில் நான் யாரோடும் பேசாமல் கிடந்தேன். வீட்டிலிருந்து பார்சல் வந்தால் அண்ணன்தான் முதலில் வாங்கி மோப்பார். "உங்க ஊர்ல மழ பேஞ்சிகீது நைனா, வேணும்னா கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நானும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்பேன். பாதி நாள் அங்கே மழையே பெய்திருக்காது. ஆனாலும் அம்மாவும் நானும் அரை மணி நேரம் பேசியிருப்போம்.