நாளுக்கு நாற்பது பிராங்கில் ஐரோப்பா

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரித்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குத் தகராறு உண்டு. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். (மனைவி பிழை திருத்தித் தருகிறேன் என்றா. அவ கதையையும் சேர்த்துத் திருத்திவிடுவா என்ற பயத்தில் மறுத்துவிட்டேன்.)

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. மலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சுவிஸின் துன் நகரில் எங்களுக்குக் கலியாணம் முடிந்த புதிது. நான் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் சின்ன வீட்டில் எங்களோடு ஊர்க்காரப் பெடியள், இளவட்டங்கள், இன்னும் மூன்று பேர். அதனால் புதுப் பெண்டாட்டியோடு நான் கதைத்ததெல்லாம் “உப்புக் காணாது”, “கதவைப் பூட்டும்” என்ற அளவில்தான் இருந்தது. எனக்குக் கூச்சமும் கொஞ்சம் அதிகம்.

கோடையில் லீவு கிடைத்ததும் ஒரு வேகத்தில், காரில் ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் அகதி பெர்மிட்டோடு எல்லை தாண்ட முடியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் அசரவில்லை. லா ஷோ-து-ஃபோனில் பிரெஞ்சு கதைக்கிறார்கள், ஆகவே அது பிரான்ஸ். சோலோதுர்ன் ஜெர்மனி. லுகானோ இத்தாலி. சுவிஸைத் தாண்டாமலே ஐரோப்பா முடிந்துவிடும்.

செலவுத் திட்டத்தைக் கேட்டால் நீங்களே மெச்சுவீர்கள். நாளுக்கு நாற்பது பிராங். பெற்றோல், கார் நிறுத்துகிற காசு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கோப்பி. படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு சதமும் இல்லை. போகிற ஊரிலெல்லாம் எங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியள் இருக்கும்போது ஹோட்டல் எதற்கு?

மலர் கேட்டது ஒன்றுதான். “ஒரு நாளைக்கு எண்டாலும் ஏரிக்கரையிலை ஒரு அறை எடுத்து நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் இருப்பமோ?”

“பாப்பம்” என்றேன். (எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் ‘இல்லை’.)

வேலைத்தலத்து நண்பர் ஒருவரின் மஞ்சள் காரை இரவல் வாங்கிக்கொண்டு ‘பிரான்ஸ்’ போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு வீட்டில் ஏழெட்டுப் பெடியள், எல்லாரும் தனிக்கட்டைகள். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிப்போயிருந்தவர்கள். அக்கா வருகிறா என்று கேள்விப்பட்டு ஆட்டிறைச்சி வாங்கி, வெங்காயம் உரித்து, கத்தியையும் கழுவி வைத்திருந்தார்கள். மலர் சமைத்தா. எல்லாரும் பானையை வழித்துச் சாப்பிட்டார்கள். மரியாதையாக அக்காவுக்கு அறையைக் கொடுத்தார்கள். அண்ணையை, அதாவது என்னை, தங்கள் நடுவில் விறாந்தையில் படுக்கப் போட்டார்கள்.

அங்கிருந்து டெலிபோன் பறந்திருக்க வேண்டும். ‘ஜெர்மனி’யில் நாங்கள் போய் இறங்கும்போது நண்டும் மீனும் காத்திருந்தன. அக்கம்பக்கத்து ஊர்ப் பெடியளும் காத்திருந்தார்கள். அன்றைக்குச் செலவு பதினேழு பிராங் மட்டும். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் ‘இத்தாலி’க்குப் போகிற வழியில் லுட்சேர்னில் தங்குவதாக ஏற்பாடு. நகரத்துக்குச் சற்று முன்னால் ஒரு ஏரி வந்தது. மலர் காரை நிற்பாட்டச் சொன்னா.

“லுட்சேர்னிலை எத்தினை பேர்?”

“கொஞ்சப் பேர்தான். ஆறு.”

“என்ன வாங்கி வைச்சிருக்கினம்?”

“இறைச்சி எண்டுதான் சொன்னவங்கள்.”

அவ இறங்கிப்போய் ஏரியைப் பார்த்தபடி ஒரு மர வாங்கில் இருந்தா. நான் பக்கத்தில் போய் நின்றேன். “நான் உங்களைக் கட்டினதோ, இல்லாட்டி உந்தப் பெடியள் எல்லாரையும் கட்டினதோ?” என்று கேட்டா. குரலை உயர்த்தவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. இதற்கு மேலும் காரை லுட்சேர்னுக்கு விட்டால் இந்த மனுசி என்னோடு இனிக் கதைக்கவே மாட்டா என்பது என் மரமண்டைக்கும் விளங்கியது.

எதிரில் ஒரு சின்ன ஹோட்டல். வாசலில் போய் நின்றேன். ஹோட்டல் என்றால் பின்கதவால் போய்ப் பழகியவன் நான். முன்கதவால் போய் என்ன கதைப்பது? என் சிக்கனத்துக்கு உள்ளே இந்தப் பயமும் ஒளிந்திருந்தது. கடைசியில் மலர்தான் தன் பள்ளிக்கூட இங்கிலீசோடு உள்ளே போய் அறை எடுத்தா. இத்தாலிக்கு என்று வைத்திருந்த காசெல்லாம் அந்த ஒரு இரவோடு கரைந்தது. ஆனால் அன்று நாங்கள் கதைத்தோம். வெளிச்சம் மங்கும்வரை ஏரிக்கரையில் இருந்து கதைத்தோம். அவவுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

கதைத்த சுகத்தில், லுட்சேர்னுக்கு ஒரு டெலிபோன் எடுக்க மறந்துபோனேன்.

காலையில் சாப்பாட்டறையில் மலர் மொறுமொறு பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தா. வாசலில் ஆறு பேர் நின்றார்கள். விபத்தாக்கும் என்று பயந்து, நாங்கள் வரவேண்டிய தெருவெல்லாம் தேடி, ஹோட்டல் வாசலில் மஞ்சள் காரைக் கண்டுபிடித்து வந்திருந்தார்கள். ஒருவனும் நித்திரை கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒருவன் கையில் இறைச்சிப் பை.

“என்ன அண்ணை, என்ன நடந்தது?”

என் வாய் தன்பாட்டில் சொன்னது: “அக்காவுக்குப் பல்லுக்குத்து. டொக்டரிட்டைக் காட்ட வந்தனாங்கள்.”

மலர் பாணைக் கீழே வைத்து இடது கன்னத்தைப் பொத்தினா. “எந்தப் பக்கமக்கா?” என்று ஒருவன் கேட்க, குழம்பிப்போய் வலது கன்னத்துக்கு மாற்றினா.

இந்த நாட்டில் பல் வைத்தியம் ஆளையே விற்கவைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெடியள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு நோட்டாகச் சேர்த்து என் கையில் திணித்தார்கள். அவர்களும் என்னைப்போலக் கோப்பை கழுவுகிறவர்கள்தான். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

மலர் அந்தக் காசை என் கையிலிருந்து எடுத்து அவர்களிடமே கொடுத்தா. “பல்லுக்கு ஒண்டுமில்லைத் தம்பியவை. இந்த மனுசனோடை ஒரு நாள் தனிய இருந்து கதைக்க ஆசைப்பட்டனான்.”

ஆறு பேரும் தங்கள் காற்சப்பாத்தைப் பார்த்தார்கள். பிறகு இறைச்சிப் பையோடு நின்றவன் சிரிக்கத் தொடங்கினான், எல்லாரும் சிரித்தார்கள், மலரும் சிரித்தா. ஒருவருக்கும் சொல்லமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். நாங்கள் துன் திரும்ப முன்னமே கதை சூரிச் வரைக்கும் போய்விட்டது.

அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குள் ஒரு சோடி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாக எங்காவது புறப்பட்டால் “பல்லு டொக்டரிட்டையோ?” என்றுதான் கேட்பார்கள். எங்கள் மகளே நேற்று வந்து, பேரனை மலரின் மடியில் இருத்திவிட்டு, “அம்மா, ரெண்டு நாளைக்கு இவனைப் பாருங்கோ, எங்கள் ரெண்டு பேருக்கும் பல்லுக்குத்து” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவன் நித்திரையான நேரம் பார்த்து இதை எழுதி முடித்தேன்.

துன், 12.10.2008