சக்கரம் வைத்த சூட்கேஸ் வந்துவிட்டது, கப்பல்தான் வரவில்லை

அன்பும் மரியாதையும், இந்த முறை மட்டும் ஒரு சிட்டிகை பயமும் கலந்து, சித்தி அவர்களுக்கு உங்கள் அக்காவின் இரண்டாவது மகள் வாலு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, அக்கா, நான், தையல் மிஷின் எல்லோரும் நலம். கப்பல் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் சித்தப்பாவும் இரட்டைக் குட்டிப் பிசாசுகளும் திடமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கத் திடமான உடம்பு வேண்டும். உட்கார்ந்து படியுங்கள். கையில் சூடாக எதுவும் வேண்டாம்.

அக்காவுக்கு நீங்கள் அனுப்பிய நீலச் சூட்கேஸ் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. நான்கு சக்கரம், நம்பர் பூட்டு, மேலே உங்கள் கையெழுத்தில் ‘எங்கள் கப்பல் அதிகாரிக்கு’ என்று ஒரு சீட்டு. கூரியர்காரர் அதை வாசலில் வைத்து உருட்டிக் காட்டியபோது வீட்டில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம். அவர் பாவம், சக்கரம் பிடிக்கவில்லையோ என்று இன்னொரு தடவை உருட்டினார். ஆகவே, அக்கா கப்பலுக்குப் போகவில்லை என்று உங்களுக்குச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அம்மா போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவாள். அப்பா ஆரம்பித்தால் திட்டிவிடுவார். எனக்கோ போனே இல்லை. அது அப்பாவின் பீரோவில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. என்ன குற்றம் என்பது கீழே வரும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. அக்கா ரத்தப் பரிசோதனை லேபில் ஐந்து வருஷமாக வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் பாதிப் பேரின் ரத்தம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது, என்னுடையதைத் தவிர. (என் முகம் வெளுத்திருக்கிறதாம், ஹீமோகுளோபின் பார்க்க வேண்டுமாம், அம்மா நாலு மாசமாகத் துரத்துகிறாள். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே நான் காணாமல் போய்விடுவேன். அது வேறு கதை.) லேப் முதலாளியான சிடுசிடு டாக்டர் அக்காவிடம் “அடுத்த வருஷம் உன்னைத் தலைமைப் பொறுப்புல போடறேன்” என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மனசு விட்டுப்போய், வேலை தேடும் ஏதோ ஒரு வலைத்தளத்தில் தன் விவரத்தைப் போட்டு வைத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து அவள் போனில் ஒரு செய்தி: வாழ்த்துகள், உல்லாசக் கப்பல் மருத்துவமனையின் தலைமை ஆய்வக அதிகாரியாக நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், நேர்காணல் இன்னும் அரை மணியில். நாங்கள் நாலு பேரும் ஒரு போனைச் சுற்றி நின்றோம். பேசியவர் எச்.ஆர். சார். குரல் அப்படியே தேனில் முக்கி எடுத்த மாதிரி.

“ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமாம்மா?”

“அஞ்சு வருஷமா அதைத்தான் சார் பார்க்கறேன்.”

“கப்பல்ல வாந்தி வருமா?”

“போனதில்ல சார்.”

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“பரவால்லம்மா, கப்பலுக்குத் தெரியும்.”

அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது. “எவ்வளவு தமாஷா பேசறாரு மனுஷன்!” என்று அம்மா பூரித்துப்போனாள். மூன்றாம் நாள் வட்ட முத்திரை, நங்கூரப் படம் எல்லாம் போட்டு வேலை உத்தரவு வந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, யார் மேலே போனாலும் அவருக்குச் சந்தோஷம். வேலைக்குப் போன கட்டடத்தில் எல்லாம் மாடி மாடியாகச் செய்தியை இறக்கிவிட்டு வந்தார். அம்மா நாலு இரவு கண் விழித்து ஒரு வெள்ளைக் கோட்டு தைத்தாள், பையில் தங்க நூலில் நங்கூரம். அளவு பார்க்க அதை மேடத்துக்குப் போட்டாள். மேடத்தை மறந்திருக்க மாட்டீர்கள்: அம்மாவின் தையல் கடை வாசலில் பதினொரு வருஷமாக நிற்கிறதே, தலையும் கையும் இல்லாத துணிப் பொம்மை, அதேதான். அக்கா ஆடும் கப்பலில் ஊசி போட ஒத்திகை பார்த்தாள். நான் நாற்காலியை ஆட்டுவேன், அவள் குத்துவாள். தலையணையை, சித்தி. என்னை அல்ல.

இதற்கு நடுவில் பதிவுக் கட்டணம் என்று அக்காவின் சேமிப்பில் ஒரு பெரிய துண்டு போய்விட்டது. எவ்வளவு என்று எழுதினால் கிள்ளுவேன் என்று சொல்லியிருக்கிறாள், எழுதவில்லை. அதற்கப்புறம் வந்ததுதான் நிஜமான அடி. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பழைய வேலையை ராஜினாமா செய்த கடிதத்தின் நகலும், படித்த சான்றிதழ்கள் அத்தனையின் அசலும் கூரியரில் போக வேண்டும். லேபில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், பொறாமையில் கெடுத்துவிடுவார்கள். உங்களைப் போன்ற நிகரற்ற திறமைசாலிக்காகக் கப்பல் காத்திருக்கிறது.

அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை, தொழில் பாசத்தில்! போன வருஷம் அப்பாவுக்கு லிஃப்ட் மெக்கானிக்குகள் மாமன்றம் ‘உயர்வு நாயகன்’ விருது கொடுத்ததும், அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்ப் பூட்டிய மண்டபத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றதும் ஞாபகம் இருக்கிறதா? அந்த மாமன்றம் நான்தான். அந்தக் கடிதத்தை எழுதும்போது மூன்று சரக்கு போட்டேன். ஒன்று, உச்சி குளிரப் புகழ்வது. இரண்டு, நேரம் இல்லை என்று விரட்டுவது. மூன்று, யாரிடமும் மூச்சு விடாதே என்பது. யோசிக்க விடாமல் ஆளைக் கவிழ்க்க இந்த மூன்றும் போதும். எச்.ஆர். சார் கடிதத்தில் மூன்றும் இருந்தன, அளவு கூட மாறாமல். சமையல்காரிக்கு மணத்திலேயே தெரியாதா?

சொன்னேன். யார் கேட்டார்கள்?

“நீ சொல்றியா? நீயா? பூட்டின கதவுக்கு முன்னாடி என்னை நிக்க வெச்சவ நீதானடி!” என்றார் அப்பா.

“அதனாலதாம்ப்பா சொல்றேன். அனுபவஸ்தி சொல்றேன்.”

“பொறாமை,” என்றாள் அக்கா. அவள் குரல் மெல்லிசாக இருந்தது. “எனக்கு ஒண்ணு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதா? அஞ்சு வருஷமா சொன்னதையே கேட்டுட்டு நிக்கறேன். இதையும் விட்டா எனக்கு எதுடி வரும்?”

ஞாயிற்றுக்கிழமை பூராவும் யோசித்தேன். மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் அவளுடைய வேலையும் போகும், சான்றிதழும் போகும். என் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, எச்.ஆர். சார் தன் வாயாலேயே சொன்னால்தான் உண்டு. அம்மாவின் கடைப் போனை எடுத்தேன். கோட்டு போட்டு நின்ற மேடத்தை ஒரு படம் பிடித்தேன். மேடம் சார்பில் அதே வேலைக்கு மனுப் போட்டேன்.

அனுபவம் என்ன என்று கேட்டார். பதினொரு வருஷம், நின்ற இடத்திலேயே வேலை, ஒரு நாள் லீவு கிடையாது என்று எழுதினேன். மேலதிகாரி சொன்னால் கேட்பீர்களா? எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை சார். குணம் எப்படி? தலைக்கனம் அறவே இல்லை. உடம்பில் ஏதாவது நோய்? உள்ளே எல்லாம் பஞ்சுதான் சார். படத்தையும் அனுப்பினேன். கழுத்துக்கு மேலே எங்கே என்று கேட்பார் என்று காத்திருந்தேன் பாருங்கள், கேட்கவே இல்லை! ‘கம்பீரமான தோற்றம்’ என்றார். ஒன்பது நிமிஷத்தில் மேடத்துக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. தலைமை ஆய்வக அதிகாரி. தலையே இல்லாதவளுக்குத் தலைமைப் பதவி! அக்காவுக்குக் கொடுத்த அதே கப்பல், அதே கடித எண், அதே பன்னிரண்டாம் நம்பர் அறை, ஜன்னல் ஓரக் கட்டில். அக்காவும் மேடமும் ஒரே கட்டிலில் எப்படிப் படுப்பார்கள் என்று அந்த மனுஷன் யோசித்துப் பார்க்கவில்லை. கைதட்டிக் குதித்ததில் அம்மாவின் ஊசி டப்பாவைக் கவிழ்த்துவிட்டேன், அத்தனை ஊசியையும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினேன், பொறுக்கி முடித்து, காலையில் எல்லோருக்கும் காட்டிக்கொள்ளலாம் என்று படுத்தால், நல்லா தூங்கிட்டேன் சித்தி. எழுந்து பார்த்தா அக்கா கிளம்பிப் போயாச்சு.

அப்புறம் ஓடினேன் பாருங்க! போன் ஒரு கையில. வெறும் போனைக் காட்டினா இதையும் நீயே எழுதினதுதானேன்னு கேப்பாளே, அதனால இடுப்புல மேடம். காலை எட்டு மணி, தெரு பூரா ஜனம். ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க எல்லாம் பின்னாலயே ஓடி வருது. “தலைய எங்கம்மா விட்டே?”ன்னு பால்காரர் கேக்கறார். சிக்னல்ல நின்ன பஸ்லேர்ந்து ஒருத்தர் “ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்மா, ஆனா லேட்டுன்னு தோணுது”ங்கறார். லேபுக்குள்ள நுழைஞ்சா, பதினாறு பேர் வெறும் வயித்தோட, கையில சின்னச் சின்ன டப்பாவோட, அப்படியே மூச்சை நிறுத்திட்டாங்க. ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் வாசனை எல்லாம் ஒண்ணா மூக்குல ஏறுது, கண்ணு இருட்டுது. இருந்தும் உள்ளே போனேன்.

டாக்டர் அறையில் அக்கா நின்றிருந்தாள். வெள்ளை உறை டாக்டர் கைக்குப் போயிருந்தது, இன்னும் பிரிக்கவில்லை.

“அக்கா! மேடத்துக்கும் அதே கப்பல்ல அதே வேலை!”

அக்கா போனை வாங்கிப் படித்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை. கீழிருந்து மேலே ஒரு தடவை. பிறகு மேடத்தைப் பார்த்தாள், கோட்டிலிருந்த தங்க நங்கூரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் கையை நீட்டிப் போனை வாங்கினார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எங்களையும் பார்த்தார், பொம்மையையும் பார்த்தார். உறையைப் பிரிக்காமலே நாலாக மடித்தார், குனிந்து மேஜைக் காலுக்கு அடியில் சொருகினார், மேஜையை ஆட்டிப் பார்த்தார்.

“இது ரொம்ப நாளா ஆடிட்டே இருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு,” என்றார். “போம்மா, வெளிய பதினாறு பேர் பசியோட உட்கார்ந்திருக்காங்க.”

பதினாறு பேருக்கும் அக்கா ரத்தம் எடுத்தாள். ஒரு நரம்பு கூடத் தவறவில்லையாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, துணி போட்டுப் பார்க்கும் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு ஜோக்கும் வரவில்லை சித்தி. எனக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் அப்பாவும் அக்காவும் போலீஸில் புகார் கொடுக்கப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, “அந்த இன்னொரு மேடத்தையும் அழைச்சிட்டு வாங்க, வாக்குமூலம் வாங்கணும்” என்றாராம்.

“அவங்களால பேச முடியாது சார்,” என்றாராம் அப்பா.

“ஏன், அதிர்ச்சியா?”

“தலை இல்ல சார்.”

பணம் திரும்புமா என்று தெரியவில்லை. ஆனால் வேலை இருக்கிறது, சான்றிதழ் அத்தனையும் அக்காவின் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. எச்.ஆர். சார் மட்டும் மேடத்திடம் கட்டணம் கேட்டு விடாமல் எழுதினார். நானும் மேடத்தின் செயலாளர் என்று சொல்லி, என் போனிலிருந்து, ‘கொடுக்க ஆசைதான், கை இல்லை’ என்று விடாமல் பதில் போட்டேன். அவர்களோடு பேச்சே வைத்துக்கொள்ளக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்ததால் அப்பா போனைப் பிடுங்கிச் சிறையில் போட்டார். இதுதான் குற்றம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவிடம் கப்பல் பேச்சை எடுக்காதீர்கள். ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இங்கே ஏற்கெனவே பதினொரு பேர் அப்பவே நினைத்திருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டால் கப்பலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம். பிசாசுகள் இரண்டும் என்னைப் போலவே வளரட்டும், அதுதான் உங்களுக்கு நான் கொடுக்கக்கூடிய ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தலையில்லாத மேடத்தின் தோழி,
உங்கள் வாலு.

பி.கு.: சித்தி, ஒரு பெரிய சந்தோஷச் செய்தி! யாரிடமும் சொல்லக் கூடாது, உங்களிடம் மட்டும். இன்று காலை கடைக் கதவுக்கு அடியில் என் பெயருக்கு ஓர் உறை கிடந்தது. மேடம் விவகாரத்தைக் கேள்விப்பட்டு, போலி வேலை ஒழிப்புப் படை என்னை இளநிலைத் துப்பறியும் அதிகாரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது! ‘நாடே வியக்கும் மூளை’ என்று எழுதியிருக்கிறார்கள், நானாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் போக வேண்டும், தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டில் மூச்சு விடக் கூடாதாம். அக்காவின் லேபுக்குப் பின்புறப் படிக்கட்டில் ஊதாக் கைப்பையோடு ஓர் அதிகாரி நிற்பாராம். என்ன சாமர்த்தியமான இடம், யாருக்குச் சந்தேகம் வரும்? வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள், துப்பறிகிறவர் பசி தாங்க வேண்டாமா? அரைக்கைச் சட்டை போட வேண்டுமாம், ஓடிப் பிடிக்க வசதி. முத்திரையைக் கூட உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். அசல்!

பி.கு.வுக்குப் பி.கு.: சித்தி, நான் அக்கா. தபாலில் போடு என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், உறையைக் கூடச் சரியாக ஒட்டவில்லை. அந்தப் படையின் தலைவி நான்தான். முத்திரை எங்கள் லேபில் சீட்டில் குத்தும் ‘வெறும் வயிற்றில்’ முத்திரை. தலைகீழாக, பாதி மட்டும் குத்தினேன். ஊதாக் கைப்பை எங்கள் ரிசப்ஷன் அக்காவுடையது. நாலு மாசமாகப் பிடிபடாத ரத்தம், திங்கட்கிழமை பிடிபடுகிறது. டாக்டர் தானே வந்து, இவள் ஓடாதபடி காலைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார், சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த மனுஷனுக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சூட்கேஸ் என்னிடமே இருக்கட்டும். ஒரு நாள் போவேன், முதலில் கப்பலைக் கண்ணால் பார்த்துவிட்டு. திங்கள் வரை இவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அதற்கப்புறம் போன் செய்யுங்கள், கப்பலைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள், இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் முதல் கேள்வியாக, நீச்சல் தெரியுமா என்றுதான் கேட்கப்போகிறேன்.