பெண் பார்க்க வந்தார்கள், சைனஸும் வந்தது

நம் ஊரில் வயிற்றுவலி என்றால் டாக்டரிடம் அனுப்புவார்கள். சைனஸ் என்றால் மட்டும் வீட்டில் இருக்கிற எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். இது தெரிந்தும் ஒரு சனிக்கிழமை காலை, "அம்மா, மூக்கடைச்சு நெத்தியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளை கார்த்தி எனக்குப் புதியவன் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகிற பஸ்ஸில் பழக்கமாகி, இரண்டு வருடமாகக் காதல். உண்மையைச் சொன்னால் ஸ்ரீரங்கத்தில் என் அப்பாவும் உறையூரில் அவன் அப்பாவும் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்கள். அதனால் இரண்டு ஜாதகத்தையும் ஒரே தரகரிடம் போய்ச் சேரும்படி செய்து, அவராகவே கண்டுபிடித்த வரன் மாதிரி ஏற்பாடு செய்திருந்தோம். (அறிவாளிகளாம்!) நாங்கள் முன்பின் தெரியாதவர்கள் போல உட்கார்ந்து எழுந்தால் போதும், கல்யாணம் நிச்சயம்.

"நாளைக்குள்ள சரியாக்கிடலாம்" என்று அம்மா ஒரு விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு, புகையை மூக்கால் இழுக்கச் சொன்னாள். நான் இருமிய இருமலில் பக்கத்து ஃப்ளாட் மாமி ஓடி வந்தார். வந்தவர் சும்மா போவாரா? "தலைக்குக் குளிச்சியா? அதான். மோர் குடிச்சியா? அதான்." நான் மூச்சு விட்டதைத் தவிர எல்லாவற்றையும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "சளி என்ன கலர்?"

"பச்சை."

"அப்ப ஆன்டிபயாட்டிக்தான்!" போன வருடம் அவருடைய பல்வலிக்கு வாங்கி மீந்துபோன மாத்திரை அது. விழுங்கினேன். மூக்கு அப்படியே இருந்தது, வயிறுதான் கடமுடா என்றது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. மூக்கில் விடும் சொட்டு மருந்தை ஒரு வாரமாக நினைத்தபோதெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூக்கு சுத்தமாக மூடிக்கொண்டது. "ஆவி பிடிச்சா இறங்கிடும்" என்று அம்மா அண்டாவில் நொச்சியைக் கொதிக்க வைக்க, சித்தப்பா தைலப் புட்டியையே அதில் கவிழ்த்தார். போர்வையை விட்டு வெளியே வந்தபோது என் கண் கோவைப்பழம், மூக்கு தக்காளி. வாசலில் கார் வந்து நின்றது.

காபித் தட்டோடு போனேன். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். விரலில் ஒட்டியிருந்த தைலத்தோடு துடைக்கத் துடைக்க இன்னும் கொட்டியது. கார்த்தியோ என்னைத் தெரியாதவன் மாதிரி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். (ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம்.)

அவன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஏம்மா, அழுறியா?"

"இல்லீங்க" என்றேன். அடைத்த மூக்கில் அது விம்மலாகத்தான் வந்தது.

"ராத்திரி பூரா அழுதிருக்கே. முகமே வீங்கிக் கிடக்கு."

"சைனஸ்ங்க."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நானும் கண்ணுல தூசின்னுதான் சொன்னேன்" என்றார். அவர் கணவர் அவசரமாகக் காபியைக் குடித்தார்.

அந்தம்மா எழுந்துவிட்டார். "ஏங்க, கிளம்புவோம். இஷ்டமில்லாத பொண்ணைக் கட்டி வெச்ச பாவம் நமக்கு வேணாம்."

"நாங்க கட்டாயமே படுத்தலைங்க!" என்று அப்பா பின்னாலேயே ஓடினார். யார் கேட்கிறார்கள்? என் கல்யாணம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ, போகாதீங்க அத்தை! எனக்கு இஷ்டம்தான்! நாங்க ரெண்டு வருஷமா லவ் பண்றோம்!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய தும்மல் தும்மினேன். பஜ்ஜித் தட்டு வீணாய்ப் போனது.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "அப்ப நிஜமாவே சைனஸ்தானா? அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அப்பாக்கள் இருவரும் எதிர்பார்த்தபடியே குதித்தார்கள். யார் பிள்ளை யாரைக் கெடுத்தது என்று கடைசிவரை முடிவாகவில்லை. களைத்துப்போய் முகூர்த்தத் தேதி பார்க்க உட்கார்ந்தார்கள்.

மறுநாள் தில்லைநகரில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சளி பச்சையா இருந்தாலே ஆன்டிபயாட்டிக் வேணும்னு யாரு சொன்னது? பெரும்பாலும் தானா சரியாகிடும். அந்தச் சொட்டு மருந்தை இப்படி ஊத்துனா மூக்கு இன்னும்தான் அடைக்கும். புகை, தைலம் எல்லாத்தையும் நிறுத்துங்க."

"தலைக்குக் குளிக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் நல்லது."

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. போன வாரம் மாமனாருக்கு ஜலதோஷம். கண்ணும் மூக்கும் சிவந்து சோபாவில் உட்கார்ந்து தும்மி, "சைனஸ் போல இருக்கு" என்றார். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது:

"யாருங்க அவ? எத்தனை வருஷமா?"