ஆறே பிலிமில் இலையுதிர்காலம்

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுக்குப் பின்னால இருக்கற நாலு பூவை போட்டோ எடுத்துக்கிட்டு வரணும்.

அவ்வளவுதான்! இதுல கெட்டுப்போக என்ன இருக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

தொண்ணூறுகள்ல நடந்தது. திருப்பூர்ல ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனியில எனக்கு பேக்ஸ் பார்க்கற வேலை. மெஷின்ல வர்ற பேப்பரைக் கிழிச்சு, படிச்சு, மொதலாளிக்குத் தமிழ்ல சொல்லணும். அதுக்கு அவர் திட்டறதை மரியாதையான இங்கிலீஷா மாத்தி அனுப்பணும். இந்த ரெண்டாவது வேலையில எனக்கு நல்ல பேரு.

ஐப்பசி மாசம் ஒருநாள் எங்ககிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து பேக்ஸ் வந்துச்சு. அடுத்த வருஷ இலையுதிர்காலத்துக்கு டி-சர்ட் போடறாங்களாம். பிரிண்டுக்குப் படம் வேணுமாம். வீட்டுக்குப் பின்னால தானா முளைச்ச காட்டுப்பூ, அதைச் சுத்தி உதிர்ந்து கிடக்கற சிவப்பு, ஆரஞ்சு இலை. யாரும் கை வைக்காத இயற்கை வேணும்னு எழுதி அடியில கோடு வேற போட்டிருந்தாங்க.

மொதலாளி யோசிச்சார். "ஏன் அம்மிணி, நம்மூர்ல எப்ப இலை உதிரும்?"

"வேப்பமரம் மாசியில கொட்டுமுங்க. அதுவும் மஞ்சளாத்தானுங்க கொட்டும்."

"மாசி வரைக்கும் ஆர்டர் நிக்குமா? நாளைக்குப் பொழுதோட கூரியர் போகோணும்."

அப்ப என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "எங்க ஊட்டுப் பொடக்காளியில காட்டுப்பூ தோட்டமே இருக்குதுங்க"ன்னு சொல்லிருச்சு.

தோட்டம்! உண்மையைச் சொல்லிடறேன். வீட்டுக்குப் பின்னால அந்தப் பொடக்காளியில நான் மூணு வருஷமா களை புடுங்கலை. தும்பை, எருக்கு, ஊமத்தை, மூக்குத்திப்பூ, உண்ணிப்பூன்னு அதுபாட்டுக்கு இடுப்பு உயரம் வளர்ந்து நின்னுச்சு. வேலி மேல ஒரு கண்வலிக்கொடி ஏறி, சிவப்பும் மஞ்சளுமா பூத்திருந்துச்சு. என் சோம்பேறித்தனத்துக்கு அன்னிக்குத்தான் இயற்கைன்னு ஒரு பேர் கிடைச்சுது.

"இதை மட்டும் சரியா முடிச்சுட்டு வா அம்மிணி. காலியாக் கெடக்கற மெர்ச்சண்டைசர் சீட்டுல நீயே உக்காந்துக்க. இல்லீன்னா என்ற மச்சான் பையன் வரேங்கறான்."

மெர்ச்சண்டைசர்னா பையரோட நேரா பேசி ஆர்டரைப் பார்த்துக்கற ஆளு. தனி மேசை, தனி டெலிபோன், சுத்தற நாற்காலி. ஆபீஸ்ல ஆள் இல்லாதப்ப அந்த நாற்காலியில ரெண்டு தடவை சுத்திப் பார்த்திருக்கேன். எனக்கு அது வேணும். ரொம்ப வேணும்.

மொதலாளி தன்னோட கேமராவையே எடுத்துக் குடுத்தார். "பாப்பா காதுகுத்துல முப்பது எடுத்தாச்சு. இன்னும் ஆறு பிலிம் இருக்குது. பூவுக்கு ஆறு போதுமல்ல?"

"தாராளமுங்க!"

வீட்டுக்கு வந்து சேர்ந்தா பொழுது எறங்கிருச்சு. சரி, நாளைக்கு வெடியால வெளிச்சம் வந்ததும் எடுத்துக்கலாம்னு கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். பளிச்! என் கால் கட்டைவிரல் ஒரு பிலிம்ல ஏறிருச்சு. மிச்சம் அஞ்சு.

என் வீட்டுக்காரரு நிட்டிங் மெஷின் பிட்டர். கம்பெனியில பம்பரமா சுத்துவார். வீட்டுல குடிச்ச காப்பி டம்ளரை நகர்த்தி வைக்கறதுன்னா அவருக்கு நாள் பார்க்கணும். அவர்கிட்ட பெருமையா சொன்னேன். "நாளைக்கு நம்ம பொடக்காளியை போட்டோ புடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறமுங்க. என்ற சீட்டே அதுலதான் இருக்குது."

"வெளிநாட்டுக்கா?"ன்னு கேட்டார். எழுந்து போய் பொடக்காளியை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்தார். எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.

வெடியால அரைத்தூக்கத்துல சரக் சரக்னு ஒரு சத்தம். தண்ணிக் குழாய்க்கு ரோட்டைத் தோண்டறாங்கன்னு நினைச்சு, போர்வையை இழுத்து மூடித் திரும்பிப் படுத்துக்கிட்டேன். தோண்டினது என் உத்தியோகத்தைன்னு எழுந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

பொடக்காளிக் கதவைத் திறந்தேன். ஒரு செடி இல்லை!

ஒரு புல் கூட இல்லை. தரையை வழிச்சுச் செதுக்கி, சாணி தெளிச்சு, வரிசையா ஆறு சிமெண்டுத் தொட்டி. ஆறுலயும் குரோட்டன்ஸ். அவரோட கம்பெனி வாசல்ல இருக்கற தொட்டிங்க அது, வேன்ல ஏத்தி எறக்கியாச்சு. நடுவுல என் வீட்டுக்காரரு. தலைக்குத் தண்ணி வாத்துக் குளிச்சு, திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போற சட்டையில நிக்கறார்.

"எப்படி அம்மிணி? வெளிநாட்டுக்காரன் பார்க்கறதுக்கு முன்னால ஊட்டைச் சுத்தமா வெக்கோணுமல்ல?"

"செடியெல்லாம் எங்கீங்க?"

"எது, அந்தக் களையா?"

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கத்தறதுக்கு வாயைத் திறந்தேன். அப்பப் பார்த்து அவர் கையை விரிச்சு ஊதிக்கிட்டார். உள்ளங்கை ரெண்டும் கொப்புளம். எனக்காக அவர் மம்பட்டியைத் தொட்டது கல்யாணமானதுல இருந்து அதுதான் முதல் தடவை. எப்படித் திட்டறது, நீங்களே சொல்லுங்க!

"நேரா நில்லுங்க"ன்னேன். பளிச்! மிச்சம் நாலு.

"புடுங்குனதை எங்க கொட்டுனீங்க?"

"சாயப்பட்டறைக்குப் பின்னால இருக்கற குப்பைப் பள்ளத்துல. ஏன், திரும்ப வேணுமா?"ன்னு சிரிச்சார்.

ஓடினேன். நைட்டி மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு, கழுத்துல கேமராவோட ஓடினேன்.

அந்தப் பள்ளம், துணி வெட்டும்போது மிஞ்சற துண்டு துணுக்கைக் கம்பெனிக்காரங்க கொட்டற இடம். காசுக்கு விக்கக்கூட ஆகாத பொடி வேஸ்ட், மழையில நனைஞ்சு சேறும் சகதியுமா கிடந்துச்சு. அது மேல என் தோட்டம். தும்பை வதங்கியாச்சு. ஊமத்தை தலைகீழா கிடக்குது. கண்வலிக்கொடி மட்டும் கொஞ்சம் உயிரோட இருந்துச்சு.

ஒவ்வொரு செடியா எடுத்து சேத்துல குத்தி நட்டேன். எருக்கை நட்டா தும்பை சாயுது. தும்பைக்குக் கல்லை முட்டுக் குடுத்தா எருக்கு சாயுது. அந்த வழியா வந்த பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அக்கா நின்னு பார்த்தாங்க.

"ஏம்மா, ஊட்டுல இருந்த களையைக் கொண்டாந்து இங்க எதுக்கு நடறே?"

"ஆபீஸ் வேலைங்கக்கா."

அக்கா என் நைட்டியைப் பார்த்தாங்க. கேமராவைப் பார்த்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வரட்டா?"ன்னாங்க.

"வேண்டாமுங்கக்கா! வந்தாருன்னா இதையும் புடுங்கிப்போடுவாரு."

அக்கா நடையைக் கட்டினாங்க. நான் எல்லாச் செடியும் படத்துல வரணும்னு ஒரு அடி பின்னால போனேன். அங்க தரை இல்லை. சாயத்தண்ணி ஓடற வாய்க்கால் இருந்துச்சு. தொபுக்! விழும்போது விரல் பட்டனை அமுக்கிருச்சு. மிச்சம் மூணு. முழங்கால் வரைக்கும் ஊதா.

இனி எழுந்து நின்னு என்னத்தைப் பண்றது! உக்காந்த இடத்துல இருந்தே, செடி சாயறதுக்குள்ள மூணையும் அடிச்சேன். கேமரா ஓய்ஞ்சுது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைச்சுது. பையர் கேட்ட இலை? அதைப் பத்தி நான் நினைக்கவே இல்லை!

மத்தியானம் கலர் லேப்ல இருந்து பிரிண்ட் வந்துச்சு. மொதலாளி மேசையில பரப்பினார். காதுகுத்து படம் எல்லாம் முடிஞ்சுது.

"இது யாரு வெரலு?"

"என்றதுங்க."

"இவரு?"

"என்ற ஊட்டுக்காரருங்க."

"இது?"

"வானமுங்க."

மொதலாளி என் ஊதாக் காலைப் பார்த்தார். அடுத்த படத்தை எடுத்தவர் நிமிர்ந்து உக்காந்தார். முன்னால தும்பையும் கண்வலிப்பூவும். அதைச் சுத்தி, லேசா மங்கலா, சிவப்பு, ஆரஞ்சு, அரக்குன்னு என்னென்னமோ ஈரமா மின்னிக்கிட்டு உதிர்ந்து கிடந்துச்சு.

"அட! இலை எங்க கெடைச்சுது?"

"பள்ளத்துலீங்க"ன்னேன். பொய் இல்லையே! கூரியர்காரர் வாசல்ல ஹாரன் அடிச்சார். படம் போயிருச்சு.

அப்புறம் எனக்குச் சோறு எறங்கலை. பெருக்கற குப்பையை அனுப்பிட்டு நாற்காலிக்கு ஆசைப்படறோமேன்னு இருந்துச்சு. இடையில மச்சான் பையன் வேற வந்து, அந்த நாற்காலியில உக்காந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போனான்.

பத்து நாள் கழிச்சு பேக்ஸ் வந்துச்சு. கிழிச்சுப் படிச்சேன். "அற்புதம். யாரும் கை வைக்காத இயற்கை என்றால் இதுதான். இதையே பிரிண்ட் போடுங்கள். அந்த இலையின் அரக்கு நிறம் இயற்கையால் மட்டுமே முடியும். டி-சர்ட் துணியும் அதே ஷேடில் வேண்டும்."

ஷேடு பார்க்க, துணிக்குச் சாயம் ஏத்தற டையிங் மாஸ்டர் வந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சவர் நிறுத்தவே இல்லை.

"இது இலை இல்லீங்க மொதலாளி, நம்ம கட்டிங் வேஸ்ட்டுங்க! போன மாசம் இதே பையர் ஷேடு கண்றாவியா இருக்குதுன்னு வேண்டாம்னானல்லங்க, அந்தத் துணி. மிச்சம் பூரா இன்னும் குடோன்லதானுங்க கெடக்குது."

மொதலாளி படத்தைப் பார்த்தார். குடோன் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீட்டு போச்சுன்னு நினைச்சு நான் சாரி சொல்ல ஆரம்பிச்சேன்.

"போய் அந்த நாற்காலியில உக்காரு அம்மிணி"ன்னார். "கடைசி வரியில என்னமோ கேட்டிருக்கறானே, அதுக்கு பதில் போடு."

கடைசி வரி இதுதான்: "இது என்ன மரம்?"

நாற்காலியில ஒரு சுத்து முழுசா சுத்திட்டு டைப் பண்ணினேன். "எங்கள் ஊரில் மட்டும் இருக்கும் மரம். வருஷம் முழுக்க உதிரும்."