மாத்திரையும் உப்புதானாமே

மல்லாங்கிணறு,
செவ்வாய்க்கிழமை.

மைத்துனர் செல்லப்பாண்டி அவர்களுக்கு, சுந்தரபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை ஈஸ்வரி, மகள் பிருந்தா மூவரும் சுகம். திருச்சுழியில் தங்கள் சுகத்தையும் ஆடுகளின் சுகத்தையும் அறிய ஆவல். ஈஸ்வரி என் போனைப் பிடுங்கி வைத்திருப்பதால் கடிதம்.

மச்சான், கோயில் காரியம் தெரிந்தவர் நீங்கள், ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஈஸ்வரி ஏதோ வேண்டுதலுக்கு நாற்பத்தெட்டு நாள் உப்பில்லாமல் சாப்பிடுகிறாள். பிருந்தா கல்யாணத்துக்காகத்தான் இருக்கும். பெற்ற தகப்பன் மட்டும் உப்புப் போட்டுத் தின்றால் நன்றாயிருக்குமா? நானும் சேர்ந்துகொண்டேன். அங்கேதான் சிக்கல். மனசு தறிகெட்டு ஓடாமலிருக்க எட்டு வருஷமாக லித்தியம் மாத்திரை போடுகிறேனே, அதுவும் ஒரு வகை உப்புதான் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். செல்போன் பேட்டரியிலும் அதே லித்தியம்தானாம். செல்லுக்கு ஏத்துறதும் எனக்கு இறக்குறதும் ஒரே சரக்கு! அது கிடக்கட்டும். உப்பில்லா விரதத்தில் உப்பு மாத்திரை முழுங்கலாமா? யாரிடமும் சொல்லாமல் ஒன்பது நாளாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.

விரத மகிமையைச் சும்மா சொல்லக்கூடாது மச்சான், உப்பில்லாக் குழம்பே நாக்கில் கரிக்குது! ரெண்டு மணி நேரத் தூக்கம் போதும், வீட்டுக்கு வெள்ளையடிச்சேன், சுண்ணாம்பு மிஞ்சுச்சு, பக்கத்து வீட்டுப் பால்சாமி சுவருக்கும் அடிச்சேன், அவுக நீலப் பெயிண்ட் அடிச்சு மூணு நாள்தான் ஆச்சாம், சண்டைக்கு வாராக, அப்புறம் கிணத்து மோட்டாரைக் கழட்டிச் சுத்தமா மாட்டினேன், நாலு போல்ட்டு மிச்சம், தண்ணிதான் வரலை, வெள்ளிக்கிழமை பாலவனத்தத்துல இருந்து பொண்ணு பார்க்க வாராகளே, மரியாதைக்கு மாப்பிள்ளையோட அப்பாவுக்கு நேத்து பதினோரு தடவை போன் போட்டேன், பன்னெண்டாவதுக்கு ஸ்விட்ச் ஆஃப். "அப்பா, மாத்திரை போட்டீகளா?"னு பிருந்தா அழுறா. மனுசன் சந்தோஷமா இருந்தா வியாதியா? எட்டு வருஷத்துக்கு முந்தியும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சாம். எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு மச்சான்.

அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசிகள். தீர்ப்பை உடனே எழுதவும்.

இப்படிக்கு,
சுந்தரபாண்டி

பின்குறிப்பு: தீர்ப்பு வேண்டாம். தபாலில் போடக் கொடுத்தேன், ஈஸ்வரி பிரித்துப் படித்துவிட்டாள். "இந்த மாத்திரை போடுறவுக உப்பைக் குறைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாகல்ல? உங்களுக்கு மொத நாள்ல இருந்தே உப்புப் போட்டுத்தான் குழம்பு வைக்கேன்" என்கிறாள். என் விரதம் முதல் கவளத்திலேயே முடிந்துபோயிருக்கிறது. அவள் வேண்டுதலும் கல்யாணத்துக்கு இல்லையாம். எட்டு வருஷம் நான் நல்லபடியாக இருந்தேனே, அதற்காம். காலை முதல் பஸ்ஸில் டாக்டரிடம் போகிறோம். பாலவனத்தத்துக்கு நீங்கள் ஒரு போன் போட்டுச் சமாதானம் சொல்லுங்கள் மச்சான். ஒரே ஒரு தடவை.