பொதுநலமும் கழிவறை டோக்கனும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, எங்கள் 'பொதுநல'த்திடம் மனு வாங்காத அதிகாரி ஒருவர் இருந்தார் என்றால், அவர் அன்று விடுப்பில் இருந்தார் என்று பொருள்.

சட்டக் கல்லூரிக் காலத்தில் நானும் அவனும் குன்றத்தூரில் ஒரே அறை. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது; மற்றபடி எல்லோருக்கும் அவன் பொதுநலம்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டால் மற்றவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவார்கள். இவன் கீழ்வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபால் அனுப்பினான். கையெழுத்துப் போட்டு வாங்கிய அவர் மேலே வந்து, "இன்னாப்பா, மோட்டார் சுவிட்சு உன் கதவாண்டதானே கீது?" என்றார்.

எங்கள் கல்லூரியில் பொதுநலச் சட்ட மையம் என்று ஓர் அறை இருந்தது. பொதுநல வழக்குகளுக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கு வழிகாட்ட, பயிற்சிக்கு இடம் பிடித்துத் தர என்று தொடங்கியது. ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், பூட்டினார்கள். சாவி யாரிடம் என்று இவன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டான். 'தாங்கள் கோரும் சாவி, தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று பதில் வந்தது. கம்பெனி வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் அறைக்கு மட்டும் ஏசி உண்டு, பூட்டு கிடையாது.

சாவி வராததால், ஒரகடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஞாயிறுதோறும் 'இலவசச் சட்ட உதவி' என்று அட்டை மாட்டி உட்கார்ந்தான். துணைக்கு நான். மூன்று வாரம் வந்தவர்கள் எல்லோரும் குன்றத்தூர் பஸ் போய்விட்டதா என்றுதான் கேட்டார்கள். நான்காம் வாரம் வடக்குப்பட்டு ஸ்டெல்லா அக்கா வந்தார்.

"நீதான் வக்கீலா?"

"ஸ்டூடண்டுக்கா. ரெண்டு வருசத்துல வக்கீல் ஆயிடுவேன்" என்றான் பொதுநலம்.

"அதுவரைக்கும் நான் வூட்ல குந்திகினு இருக்கவா?"

அக்கா ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் காண்டிராக்ட் தொழிலாளி. அவர் லைனில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு கழிவறை டோக்கன். அது கையில் இருந்தால்தான் போகலாம். ஒருநாள் அக்காவுக்கு வயிற்றுப்போக்கு. டோக்கன் வேறொருத்தியிடம். அக்கா டோக்கன் இல்லாமலே கழிவறைக்கு ஓடிவிட்டார். மறுநாள் கேட்டிலேயே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பொதுநலம் எழுதிய மனு பதினெட்டுப் பக்கம். அரசியலமைப்பின் முகப்புரையில் தொடங்கியது.

"இதுல நான் எங்கப்பா வர்றேன்?"

"பதினேழாம் பக்கத்துலக்கா."

"தம்பி, அத்த ஓரமா வையி. நான் சொல்றேன், நீ எழுது."

ஒரே பக்கத்தில் முடிந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்ட அதே நாளில், சென்னையில் ஒரு பெரிய வழக்கறிஞர் அலுவலகத்தில், படிப்பு முடிந்ததும் வேலைக்குச் சேர, அவனுக்கு நேர்காணல். கல்லூரி ஏசி அறைக்கு வெளியே நாங்கள் எல்லோரும் தவம் கிடந்தது அந்த மாதிரி இடத்துக்காகத்தான். புத்தி கெட்டவனே, நேர்காணலுக்குப் போய்த் தொலை என்று திட்டினேன்.

"அக்கா தனியாப் போவாங்கடா" என்றான். அதைச் சொல்ல மட்டும் அவனுக்கு மூன்றே சொற்கள் போதுமாக இருந்தன.

விசாரணையில் நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னார். அதிகாரி, "நீ யாருப்பா?" என்றார். சட்ட மாணவன் என்றான். "அப்ப உக்காரு. வாயத் தொறக்கக் கூடாது." அவனுக்கு அதைவிடக் கொடிய தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. வேர்த்து ஊற்றியது. டோக்கன் ஒழுக்கத்துக்காக வைத்தது என்று தொழிற்சாலை மேனேஜர் நீட்டி முழக்கினார். ஸ்டெல்லா அக்கா எழுந்து மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், வந்ததுலேர்ந்து நீங்க ரெண்டு வாட்டி பாத்ரூம் போய்ட்டு வந்துட்டீங்க. உங்க டோக்கனைக் கொஞ்சம் காட்டுங்க, பார்ப்போம்."

அதிகாரி கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. டோக்கன் ஒழிந்தது. அந்த இடத்தில் ஒரு பதிவேடு வந்தது: போன நேரம், வந்த நேரம், காரணம். கழிவறைக்குப் போகக் காரணம்! பதிவேட்டை எதிர்த்து மறுநாளே பொதுநலம் அடுத்த மனுவை ஆரம்பித்தான்.

பொதுநல வழக்குகளுக்கு வரும் மாணவர்களை ஆதரிக்கும் ஓர் அறக்கட்டளை, அவன் விண்ணப்பத்தோடு இணைத்திருந்த அக்காவின் ஒற்றைப் பக்க மனுவைப் படித்துவிட்டு அவனுக்கு உதவித்தொகை கொடுத்தது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல். இன்னும் அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் போகாத அந்த நேர்காணலுக்குப் போய்த் தேறியவன் நான். கம்பெனிகளுக்காக ஆஜராகிறேன். எதிர்த்தரப்பில் அவன் பெயர் இருந்தால் மட்டும் அந்த வழக்கை வாங்கமாட்டேன். எனக்கு அவனிடம் பயம் என்று அலுவலகத்தில் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.